டெக்சாஸ் கிராமக் கவுண்டி ஜெயில்: புக்கிங், கைது விவரங்களை எங்கே, எப்படித் தேடுவது?

பாலைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் பிரச்சினை இல்லை. ஷெரிஃப் (கவுண்டி எனும் மாவட்டத்தின் காவல் தலைவர்) தளத்தில் பெயரைத் தட்டினால் ஆள் உள்ளே இருக்கிறாரா, என்ன குற்றச்சாட்டு, பாண்ட் (பிணைத் தொகை) எவ்வளவு எல்லாம் வந்துவிடும். நான் கேட்பது மேற்கு டெக்சாஸ், பான்ஹேண்டில் (மாநிலத்தின் வட முனை), எல்லையோரச் சின்னக் கவுண்டிகளைப் பற்றி. கூகுளில் தேடினால் முதல் பக்கம் முழுக்க கிரெடிட் கார்டு கேட்கும் தளங்கள்தான். சிலவற்றில் கவுண்டியின் பெயர், ஷெரிஃப் நட்சத்திரம் எல்லாம் போட்டு அரசுத் தளம் மாதிரியே வைத்திருக்கிறார்கள்.

தமிழ்ச் சங்க உதவிக் குழுவினர் கையில் வைத்திருக்க ஒரு குறிப்பு தயாரிக்கிறோம். ஆள் இப்போது எங்கே என்று கண்டுபிடிப்பது, வெளியே வந்தபின் பதிவுகளை வாங்குவது, ரோஸ்டரில் (ஜெயிலில் இருப்போர் பட்டியல்) உள்ள சுருக்கெழுத்துகளைப் படிப்பது, இந்த மூன்றும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மெஸ்கீட்

முதலில் எந்தக் கவுண்டி என்பதை உறுதி செய்யுங்கள். பாதி நேரம் வீணாவது இங்கேதான். டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஐ-10 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே இரண்டு எல்லைகளைத் தாண்டிவிடலாம். "ஃபோர்ட் ஸ்டாக்டன் பக்கத்தில்" என்று சொன்னால் போதாது. மைல் மார்க்கர் அல்லது எக்ஸிட் எண், கடைசியாக வந்த லொகேஷன், கார் இழுத்துச் செல்லப்பட்டிருந்தால் அந்த டோ கம்பெனி எந்த ஊர் என்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். அதை வரைபடத்தில் வைத்துக் கவுண்டிப் பெயரை எடுங்கள்.

அடுத்தது, பிடித்தது யார் என்பதும் வைத்திருப்பது யார் என்பதும் வேறு வேறு. நெடுஞ்சாலையில் நிறுத்துவது பெரும்பாலும் மாநில ட்ரூப்பர், அதாவது டி.பி.எஸ். (மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை) போலீஸ். ஊருக்குள் என்றால் சிட்டி போலீஸ். ஷெரிஃபின் டெபுடி, கான்ஸ்டபிள், கேம் வார்டன் (வனவிலங்குக் காவலர்) யாரும் பிடிக்கலாம். யார் பிடித்தாலும் கிராமப்புறத்தில் ஆளைக் கொண்டுபோவது ஷெரிஃப் நடத்தும் கவுண்டி ஜெயிலுக்கு. அதனால் காகிதங்கள் நாலு மேஜையில் சிதறிக் கிடக்கும்:

கைது அறிக்கை பிடித்த துறையிடம். புக்கிங் பதிவும் (ஜெயிலுக்குள் எடுக்கும்போது எழுதுவது) படமும் ஷெரிஃபிடம். உரிமைகளைச் சொல்லி பாண்ட் தொகை நிர்ணயித்த தாள் மேஜிஸ்ட்ரேட்டிடம் (கிராமத்தில் அது ஏறக்குறைய எப்போதும் ஜே.பி., ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்). வழக்கு தாக்கலான பிறகு மீதி எல்லாம் கோர்ட் கிளார்க்கிடம்.

ஷெரிஃப் ஆபீஸில் போய் ட்ரூப்பரின் டேஷ்கேம் வீடியோ கேட்டால் "எங்களிடம் இல்லை" என்பார்கள். அது பொய் இல்லை, ஆஸ்டினில் உள்ள டி.பி.எஸ். தலைமையகத்திடம் கேட்க வேண்டியது.

சில கவுண்டிகளில் ஜெயிலே கிடையாது, அல்லது மூடிக் கிடக்கிறது. பக்கத்துக் கவுண்டியில் காசு கொடுத்து ஆட்களை வைத்திருப்பார்கள். அப்போது புக்கிங் பதிவு ஒரு கவுண்டியில், ஆள் இன்னொன்றில். டெக்சாஸ் ஜெயில் தர ஆணையம் மாதாமாதம் கவுண்டிவாரியாகக் கைதிகள் எண்ணிக்கை அறிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்தால் எந்தக் கவுண்டிக்குச் சொந்த ஜெயில் இருக்கிறது, எது ஆட்களை வெளியே அனுப்புகிறது என்பது பிடிபடும். பெயர்கள் இருக்காது, எண்ணிக்கை மட்டும்.

இதெல்லாம் தெரிந்தபின் போனை எடுங்கள். சின்னக் கவுண்டியில் இணைய ரோஸ்டரை விட போன்தான் புதிய தகவல் தரும்.

---

லப்பக்_வாசி

போன் பற்றிச் சேர்க்கிறேன். 911க்கு அடிக்கவே கூடாது. ஷெரிஃப் ஆபீஸின் அவசரமல்லாத எண்ணுக்கு அடியுங்கள், கவுண்டியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருக்கும். ராத்திரியில் டிஸ்பாட்சரே ஜெயில் போனையும் எடுப்பார். பெரிய விபத்து நடந்துகொண்டிருந்தால் உங்களை ஹோல்டில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். கத்தாதீர்கள், பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடியுங்கள்.

கேட்க வேண்டியது: இந்தப் பெயரில், இந்தப் பிறந்த தேதியில் யாரேனும் உள்ளே இருக்கிறாரா? புக்கிங் எண் என்ன? எந்தக் குற்றச்சாட்டுகள்? ஒவ்வொன்றுக்கும் பாண்ட் எவ்வளவு, எந்த வகை? வேறு யாருடைய ஹோல்டாவது (விடாமல் வைத்திருக்கச் சொல்லும் கோரிக்கை) இருக்கிறதா? "மேஜிஸ்ட்ரேட் பண்ணியாச்சா", இல்லை என்றால் ஜே.பி. எத்தனை மணிக்கு வருவார்?

கடைசி இரண்டும்தான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் கேட்காமல் விடுகிறார்கள். ஜே.பி. வரும்வரை பெரும்பாலும் பாண்ட் தொகை என்று ஒன்று இருக்காது. சட்டப்படி கைதாகி 48 மணி நேரத்துக்குள் மேஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் (குற்ற நடைமுறைச் சட்டம் 15.17). வீடியோவிலும் நடக்கும். வாரண்ட் இல்லாத கைது என்றால் இன்னொரு கெடுவும் உண்டு: மிஸ்டிமீனருக்கு (சிறு குற்றம்) 24 மணி நேரம், ஃபெலனிக்கு (கடுங்குற்றம்) 48 மணி நேரத்துக்குள் கைதுக்குத் தகுந்த முகாந்திரம் உண்டா என்று மேஜிஸ்ட்ரேட் முடிவு செய்யாவிட்டால், மிஸ்டிமீனருக்கு 5,000 டாலருக்கு மிகாத, ஃபெலனிக்கு 10,000 டாலருக்கு மிகாத பாண்டில் விட வேண்டும் (17.033). அரசு வழக்கறிஞர் மனுப்போட்டு இதை நீட்டிக்க முடியும், அதையும் மறக்கக் கூடாது.

---

இரட்டை_இனிஷியல்

தேடி "கிடைக்கவில்லை" என்று வருவதற்கு நம் ஆட்கள் விஷயத்தில் முதல் காரணம் பெயர். புக்கிங் ஆபீசர் ஓட்டுநர் உரிமத்தையோ பாஸ்போர்ட்டையோ பார்த்து அடிப்பார். நாம் அவரைக் கூப்பிடும் பெயர் அவருக்குத் தெரியாது.

அப்பா பெயரை சர்நேமாகப் போட்டிருந்தால் ரோஸ்டரில் அப்பா பெயர்தான் முதலில் நிற்கும். செந்தில்குமார் முருகேசன் என்பவரை முருகேசன் என்று தேட வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான குறி அது. பல உரிமங்களிலும் அதுவே தொடரும். அப்போது முதல் பெயர்க் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தை இட்டுத் தேடிப் பாருங்கள், அல்லது காலியாக விடுங்கள்.

நீளமான பெயர்களை மென்பொருள் வெட்டிவிடும். இரண்டு சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டியும் அடிப்பார்கள். அதனால் முழுப் பெயரைப் போடாமல் சர்நேமின் முதல் நாலு எழுத்தை மட்டும் போடுங்கள். பெரும்பாலான ரோஸ்டர்கள் அதை ஏற்கும். இல்லை என்றால் பெயரையே விட்டுவிட்டு அன்றைய தேதியின் புக்கிங் பட்டியலைத் திறந்து கண்ணால் ஓட்டுங்கள். சின்னக் கவுண்டியில் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்.

இந்திய உரிமத்தைக் காட்டியிருந்தால் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கலாம். 03/07 இரண்டு விதமாகவும் படிக்கலாம், போனில் கேட்கும்போது மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். இனம் என்ற கட்டத்தை வடிகட்டியாக வைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு அதில் என்ன போடுவார்கள் என்பது அன்றைய ஆபீசரைப் பொறுத்தது.

---

சும்மா_கேட்டேன்

ரோஸ்டரில் பெயர் இல்லை என்றால் விட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மெஸ்கீட்

கூடாது. பல தளங்கள் இப்போது உள்ளே இருப்பவர்களை மட்டும் காட்டும், வெளியே போனதும் பெயர் மறையும் என்பது உண்மைதான். ஆனால் பெயர் இல்லாததற்கு வேறு காரணங்கள் நிறைய.

புக்கிங் இன்னும் முடியாமல் இருக்கலாம். உடைமைப் பட்டியல், மருத்துவ, மனநலக் கேள்விகள், கைரேகை, படம் எல்லாம் முடிந்தபிறகுதான் பதிவு தளத்துக்குப் போகும். போதையில் இருப்பவரைத் தெளியும்வரை தனியறையில் வைத்துவிட்டு இதையெல்லாம் பிறகு செய்வதும் உண்டு. காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. சில கவுண்டிகள் ரோஸ்டரை நாளுக்கு ஒருமுறை பி.டி.எஃப். ஆகப் போடுகின்றன, வெள்ளி மாலை போட்டது திங்கள் வரை அப்படியே கிடக்கும். சில ஷெரிஃப்கள் ஃபேஸ்புக்கில் மட்டும் போடுகிறார்கள். எதுவுமே போடாதவர்களும் உண்டு. அங்கே ஊர் வாரப் பத்திரிகையில் வரும் புக்கிங் பட்டியல்தான் பொதுப் பார்வைக்கு.

வயது 17க்குக் கீழ் என்றால் சிறார் பதிவு, பொதுவில் வராது. டெக்சாஸில் 17 முடிந்தாலே குற்ற வழக்கில் வயது வந்தவர்.

வேறு கவுண்டி வாரண்டுக்காகப் பிடித்திருந்தால் அந்தக் கவுண்டி வந்து அழைத்துப் போயிருக்கும், அங்கே தேட வேண்டும். வந்து அழைக்காமல் இழுத்தடித்தால் கைதான 11ஆம் நாளுக்கு முன் வந்தாக வேண்டும் என்று 15.21 சொல்கிறது. இதை வக்கீல் நினைவுபடுத்தும்வரை யாரும் நாளை எண்ணுவதில்லை.

ஃபெடரல் வழக்கு என்றால் வேறு உலகம். விசாரணைக் கைதியை யு.எஸ். மார்ஷல் பொறுப்பில் பெரும்பாலும் ஏதோ ஒரு கவுண்டி ஜெயிலில் வைத்திருப்பார்கள், மார்ஷல் துறைக்குப் பொதுத் தேடல் தளம் கிடையாது. பி.ஓ.பி. (ஃபெடரல் சிறைத் துறை) தளத்தில் 1982 முதலான ஃபெடரல் கைதிகள் இருக்கிறார்கள், ஆனால் தண்டனைக்கு முன் இருப்பவர் அதில் சரியாகக் காட்டாது. ஃபெடரல் கோர்ட் ஆவணங்களுக்குப் பேசர் தளம்: பக்கத்துக்கு 10 செண்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலருக்கு மிகாவிட்டால் கட்ட வேண்டியதில்லை. மேற்கு டெக்சாஸில் பிடிபட்டால் பேக்கோஸ் அல்லது எல் பாசோ பிரிவில் பாருங்கள்.

மாநிலச் சிறைத் துறையின் தேடல் தளத்தில் கவுண்டி ஜெயில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், பலர் அங்கே தேடிவிட்டு "இல்லை" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கவுண்டி வழக்குக்காரர்களை மாநிலச் சிறையிலேயே வைத்த விசித்திரமும் நடந்தது. 2021இல் தொடங்கிய ஆபரேஷன் லோன் ஸ்டாரில் கின்னி கவுண்டியில் அத்துமீறி நுழைந்ததாகப் பிடித்தவர்களை வால் வெர்டே கவுண்டி டெல் ரியோவில் கூடாரத்தில் பதிந்து, ஃபிரையோ கவுண்டி டில்லியில் உள்ள பிரிஸ்கோ மாநிலச் சிறையில் வைத்தார்கள். வழக்கு ஒரு கவுண்டி, பதிவு இன்னொன்று, ஆள் மூன்றாவது. எல்லையோரம் தேடுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

---

கம்மி_வழக்கு

ரோஸ்டர் வரியைப் படிப்பது பற்றி.

குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் எம்.ஏ., எம்.பி., எம்.சி. என்று இருந்தால் ஏ, பி, சி வகுப்பு மிஸ்டிமீனர். ஏ வகுப்புக்கு ஓராண்டு வரை, பி வகுப்புக்கு 180 நாள் வரை கவுண்டி ஜெயில், சி வகுப்புக்கு 500 டாலர் வரை அபராதம் மட்டும். எஃப்.எஸ். என்றால் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 180 நாள் முதல் 2 ஆண்டு. எஃப்3, எஃப்2, எஃப்1 என்பவை அதைவிடப் பெரிய ஃபெலனிகள்: எண் கூடக் கூட அல்ல, குறையக் குறையக் கடுமை.

எஃப்.டி.ஏ. என்றால் கோர்ட்டில் ஆஜராகாதது. எம்.டி.ஆர். என்றால் புரொபேஷனை ரத்து செய்யக் கோரும் மனு. "கேப்பியஸ் புரோ ஃபைன்" என்றால் கட்டாத அபராதத்துக்கான வாரண்ட், பழைய ஸ்பீடிங் டிக்கெட்டாகக்கூட இருக்கும். பி.ஐ. என்றால் பொது இடத்தில் போதை, சி வகுப்பு. டி.டபிள்யு.ஐ. (போதையில் வண்டி ஓட்டியது) முதல்முறை பி வகுப்பு, ரத்த ஆல்கஹால் 0.15 அல்லது மேலே என்றால் ஏ வகுப்பு. 15 வயதுக்குட்பட்ட குழந்தை காரில் இருந்தால் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி.

குடும்பங்கள் அதிர்ந்துபோவது பி.சி.எஸ். பி.ஜி.2 (2ஆம் பட்டியல் போதைப்பொருள் வைத்திருந்தது) என்ற வரியைப் பார்த்து. எல் பாசோவிலிருந்து கிழக்கே வரும்போது ஹட்ஸ்பெத் கவுண்டியில் சியரா பிளாங்கா எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. நியூ மெக்சிகோவில் கடையில் சட்டப்படி வாங்கிய கஞ்சா கம்மி (மெல்லும் மிட்டாய்), வேப் கார்ட்ரிட்ஜ் இங்கே பிடிபடும். இலையாக 2 அவுன்ஸ் வரை என்றால் பி வகுப்பு. ஆனால் கம்மியிலும் வேப்பிலும் இருக்கும் டி.எச்.சி. சாறு 2ஆம் பட்டியல் போதைப்பொருள். கலந்திருக்கும் சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். 1 கிராமுக்குக் கீழ் எஃப்.எஸ்., 1 முதல் 4 கிராமுக்குள் எஃப்3, 4 முதல் 400 கிராமுக்குள் எஃப்2. நாலு கிராம் கம்மி பத்து இருந்தால் 40 கிராம், அதாவது 2 முதல் 20 ஆண்டுக்கான பிரிவு. ரோஸ்டரில் அந்த வரியைப் பார்த்துப் பையன் கடத்தல்காரன் என்று எண்ண வேண்டாம். அதே சமயம் சின்ன விஷயம் என்றும் எண்ண வேண்டாம்.

பாண்ட் கட்டத்தில் ஷூரிட்டி என்றால் பெயில் பாண்ட்ஸ்மேன் மூலம், வழக்கமாகத் தொகையில் 10 சதவீதம் வாங்குவார், அது திரும்ப வராது. கேஷ் என்றால் முழுத் தொகை, வழக்கு முடிந்து எல்லா வாய்தாவுக்கும் போயிருந்தால் கட்டியவர் பெயருக்கே திரும்பும். அதனால் ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். பி.ஆர். என்றால் சொந்தப் பொறுப்பு. தொகை பூஜ்யம் என்று இருந்தால் இலவச விடுதலை அல்ல, பெரும்பாலும் ஹோல்ட் அல்லது இன்னும் மேஜிஸ்ட்ரேட் பார்க்கவில்லை.

---

சுங்கம்

இத்தனை சுற்று எதற்கு? 30 டாலர் கட்டினால் பின்னணித் தேடல் தளம் எல்லாக் கவுண்டியையும் ஒரே நேரத்தில் தேடித் தந்துவிடுகிறது.

---

மெஸ்கீட்

தராது. இணையத்தில் ரோஸ்டர் போடும் கவுண்டிகளிலிருந்து முன்பு சுரண்டி எடுத்ததைத்தான் தரும். இந்த இழை பேசுவது ரோஸ்டரே போடாத கவுண்டிகளைப் பற்றி. நேற்றிரவு நடந்தது அந்தத் தளத்தில் இருக்க வழியே இல்லை. இன்னொன்று, வழக்கு தள்ளுபடியான பிறகும் அங்கே "கைது" என்று மட்டும் நிற்கும். தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் "வேலை, வாடகை முடிவுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று போட்டிருப்பார்கள். ஃபெடரல் கடன் அறிக்கைச் சட்டத்தின் பொறுப்பிலிருந்து நழுவத்தான் அது.

படத்தைப் போட்டுவிட்டு, எடுக்கக் காசு கேட்கும் தளங்கள் வேறு ரகம். டெக்சாஸில் 2013 முதல் வணிகச் சட்டம் 109ஆம் அத்தியாயம் அதைத் தடுக்கிறது: நீக்கவோ திருத்தவோ கட்டணம் வாங்கக் கூடாது. காசு அனுப்பாதீர்கள், சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். தளம் வெளிநாட்டில் இருந்தால் பலன் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

மனு_எழுத்தர்

இப்போது எழுத்து மூலம் வாங்குவது. டெக்சாஸ் அரசுச் சட்டத் தொகுப்பு (கவர்மெண்ட் கோட்) 552ஆம் அத்தியாயம், பொதுத் தகவல் சட்டம். போனில் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, எழுத்தில் கேட்டால் உண்டு. ஷெரிஃப் ஆபீஸ் அறிவித்த மின்னஞ்சல், தபால், நேரில் கொடுப்பது மூன்றும் செல்லும். மின்னஞ்சல் அறிவிக்காத இடங்களில் பதிவுத் தபால் அனுப்புவது நல்லது.

ஆங்கிலத்தில் நாலு வரி போதும். உங்கள் பெயர், முகவரி. "552இன் கீழ்" என்ற சொல். நபரின் முழுப்பெயர், பிறந்த தேதி, கைதான தேதி, தெரிந்தால் புக்கிங் எண். பிறகு கேட்பது: புக்கிங் தாள், 552.108(சி) சொல்லும் அடிப்படைத் தகவல், விடுதலை அல்லது மாற்றல் பதிவு. கடைசியில் "மின்னணு நகல் போதும், செலவு 40 டாலரைத் தாண்டினால் முதலில் தெரிவிக்கவும்."

அடிப்படைத் தகவல் என்ற அந்தச் சொல்லை விடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்று மற்ற எல்லாவற்றையும் அவர்கள் மறைக்கலாம், அதை மட்டும் மறைக்க முடியாது. கைதானவர் பெயர், வயது, கைதான நேரம், இடம், பிடித்த அதிகாரிகள், குற்றச்சாட்டு, புக்கிங், பாண்ட் விவரம் எல்லாம் அதில் அடங்கும் என்பது 1975இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் வழக்கிலிருந்தே நிலைத்துவிட்டது.

சறுக்கும் இடங்கள் இவை. "உள்ளே இருக்கும் என் தம்பி சார்பாகக் கேட்கிறேன்" என்று எழுதவே எழுதாதீர்கள். சிறையில் இருப்பவரோ, வக்கீல் அல்லாத அவர் பிரதிநிதியோ கேட்டால் பதில் தரத் தேவையில்லை என்று 552.028 சொல்கிறது. உங்கள் சொந்தப் பெயரில், உங்களுக்கென்று கேளுங்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கக் கூடாது, நீங்களும் விளக்க வேண்டாம். கேள்வியாகவும் எழுதாதீர்கள். "ஏன் கைது செய்தீர்கள்" என்பதற்குப் பதில் சொல்ல இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இருக்கிற காகிதத்தைத்தான் தர வேண்டும்.

10 வேலை நாள் என்பது பதில் தரும் கெடு என்று பலர் நினைக்கிறார்கள். உடனே தர வேண்டும் என்பதுதான் விதி. மறைக்க விரும்பினால் அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டிய கெடுதான் அந்த 10 நாள். தவறவிட்டால் பதிவு பொதுவானது என்று கருதப்படும். அவர்கள் விளக்கம் கேட்டு எழுதினால் 61 நாளுக்குள் பதில் போடுங்கள், போடாவிட்டால் மனு வாபஸ் ஆனதாகிவிடும். செலவு மதிப்பீடு வந்தாலும் அப்படித்தான், அதற்கு 10 வேலை நாள். காகித நகல் பக்கம் 10 செண்ட். 50 பக்கம் வரை சாதாரணமாக வேலைக் கூலி சேர்க்க முடியாது.

---

லப்பக்_வாசி

கோர்ட் பதிவுகளுக்கு இந்த 552 செல்லாது. நீதித்துறை அதில் அடங்காது. சி வகுப்பு என்றால் ஜே.பி. அல்லது முனிசிபல் கோர்ட், ஏ, பி என்றால் கவுண்டி கிளார்க், ஃபெலனி என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். 8,000 பேருக்குக் குறைவான கவுண்டியில் கவுண்டி கிளார்க்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கும் ஒரே ஆளாக இருக்க அரசியலமைப்பே இடம் தருகிறது, அங்கே ஒரு போனில் இரண்டும் முடியும்.

கைதான மறுநாளே கிளார்க்கிடம் வழக்கு எண் கேட்காதீர்கள், இருக்காது. கவுண்டி அட்டர்னியோ டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியோ தாக்கல் செய்தபிறகுதான் எண் பிறக்கும். ஃபெலனிக்குக் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவெடுக்கும் பொதுமக்கள் குழு) கூடியாக வேண்டும், சின்னக் கவுண்டியில் அது அடிக்கடி கூடாது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருக்கும் ஒரே கோர்ட் காகிதம் ஜே.பி. கையெழுத்திட்ட 15.17 தாள். வக்கீல் வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலும் அதில் இருக்கும், அதனால் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

டி.பி.எஸ்.ஸின் மாநிலக் குற்றப் பதிவுத் தளத்தில் பொதுமக்களுக்குத் தண்டனையும் டிஃபர்ட் அட்ஜுடிகேஷனும் (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவது) மட்டும்தான் தெரியும். வெறும் கைதைத் தேட அது உதவாது.

---

வன்னிப்பெடியன்

அண்ணை, ஐஸ் (குடிவரவு அமலாக்கத் துறை) ஹோல்ட் எண்டு ஜெயில்ல சொல்லினம். அதுக்குப் பிறகு ஆளை எங்க தேடுறது? தூதரகத்துக்கு இவையே அறிவிப்பினமோ?

---

இரட்டை_இனிஷியல்

ஹோல்ட் என்பது டீட்டெய்னர், ஐ-247ஏ படிவம். உள்ளூர் வழக்கில் விடுதலையாக வேண்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம்வரை கூடுதலாக வைத்திருக்கச் சொல்லும். டெக்சாஸில் 2017இன் எஸ்.பி. 4 சட்டப்படி ஜெயில்கள் அதை மதித்தாக வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: அவசரப்பட்டு பாண்ட் கட்டினால் அந்த 48 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கி, ஆள் ஐஸ் கைக்குப் போய்விடலாம், கவுண்டி வாய்தாவுக்கும் வர முடியாது. ஹோல்ட் இருந்தால் பாண்டுக்கு முன் குடிவரவு வக்கீல்.

ஐஸ் கைக்குப் போனபின் கவுண்டி ரோஸ்டரிலிருந்து பெயர் போய்விடும். ஐஸின் ஆன்லைன் லொகேட்டரில் இரண்டு வழி: 9 இலக்க ஏ-எண்ணும் (குடிவரவுத் துறை தரும் எண்) பிறந்த நாடும், அல்லது பெயரும் பிறந்த நாடும். ஏ-எண் வேலை அனுமதி அட்டையிலோ கிரீன் கார்டிலோ இருக்கும். அட்டையே வாங்காத மாணவரிடம் பெரும்பாலும் இருக்காது. பெயரின் எழுத்துக் கூட்டு அச்சாகப் பொருந்த வேண்டும், இங்கே முதல் நாலு எழுத்து வித்தை பலிக்காது. கேட்பது பிறந்த நாடு, குடியுரிமை அல்ல. குவைத்தில் பிறந்த இந்தியர், தமிழ்நாட்டு முகாமில் பிறந்த இலங்கைக்காரர் இரண்டு நாட்டையும் போட்டுப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழானவர்கள் அதில் இல்லை. எல்லைக் காவலிடம் 48 மணி நேரம் தாண்டாதவரும் வர மாட்டார்.

தூதரகம்: 1963 வியன்னா ஒப்பந்தம் 36ஆம் பிரிவுப்படி, விரும்பினால் அறிவிப்போம் என்று கைதானவரிடம் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை இரண்டும் கேட்டால் மட்டும் அறிவிக்கும் பட்டியலில். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் என்றால் கேட்காவிட்டாலும் கட்டாயமாக அறிவிக்க வேண்டும். கிராம ஜெயிலில் இதை மறப்பது சகஜம். குடும்பமே நேரடியாகத் துணைத்தூதரகத்துக்கு எழுதலாம், தடையில்லை. தஞ்சம் கோருபவர் என்றால் மட்டும் வக்கீலைக் கேட்காமல் சொந்த நாட்டுத் தூதரகத்துக்கு எதுவும் எழுதாதீர்கள்.

---

வன்னிப்பெடியன்

நன்றி அண்ணை. பிறந்த நாட்டு விசயம் யோசிக்கவே இல்லை.

---

கம்மி_வழக்கு

ஒரு எச்சரிக்கை, குறிப்பில் தடித்த எழுத்தில் போடுங்கள். ரோஸ்டர் பொது என்பதால் மோசடிக்காரர்களும் அதைத்தான் படிக்கிறார்கள். பெயர், குற்றச்சாட்டு, பாண்ட் தொகை, புக்கிங் எண் எல்லாம் சரியாகச் சொல்லி, "டெபுடி பேசுகிறேன், கணுக்காலில் மாட்டும் கண்காணிப்புக் கருவிக்கு இவ்வளவு கட்டினால் இன்றே விடுவோம்" என்று குடும்பத்துக்கு அடிப்பார்கள். காலர் ஐடியில் ஷெரிஃப் எண்ணே தெரியும்படியும் செய்வார்கள். ஷெரிஃப் ஆபீஸ் கிஃப்ட் கார்டிலோ ஜெல் என்ற பணம் அனுப்பும் செயலியிலோ பணம் கேட்காது. போனை வைத்துவிட்டு நீங்களே ஜெயிலுக்கு அடித்துக் கேளுங்கள்.

உள்ளே இருந்து வரும் அழைப்புகள் பதிவாகும். வழக்கு விவரத்தை, "எவ்வளவு குடித்தாய்" என்பதுகூட, போனில் பேசக் கூடாது.

---

மனு_எழுத்தர்

பதிவே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் கிராமக் கவுண்டியிலிருந்தே இருக்கிறது. 2002இல் கில்லெஸ்பி கவுண்டி ஃபிரெடெரிக்ஸ்பர்கில் ரோத்கெரி என்பவரை, முன்னாள் ஃபெலன் துப்பாக்கி வைத்திருந்தார் என்று கைது செய்தார்கள். கணினிப் பதிவு அப்படிச் சொன்னது. உண்மையில் கலிஃபோர்னியாவில் இருந்த வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. வக்கீல் கேட்டும் மாதக்கணக்கில் தரவில்லை. 2003இல் மறுபடி கைதாகி, பெயில் 15,000 டாலராகி, மூன்று வாரம் உள்ளே இருந்தார். வக்கீல் கிடைத்து காகிதங்களைச் சேர்த்துக் காட்டியதும் வழக்கு கலைந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்பளித்தது: மேஜிஸ்ட்ரேட் முன் முதல்முறை நிற்கும்போதே வக்கீல் உரிமை தொடங்கிவிடுகிறது. மேலே சொன்ன 15.17 தாளின் கனம் அதனால்தான்.

விசாக்காரர்களுக்குத் தள்ளுபடியானதும் வேலை முடிவதில்லை. டி.டபிள்யு.ஐ. கைதுக்கே, தண்டனை இல்லாமலேயே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்கிறது. 2025 வசந்தத்தில் மாணவர் பெயர்களை எஃப்.பி.ஐ.யின் என்.சி.ஐ.சி. குற்றப் பதிவுத் தரவில் ஒப்பிட்டு செவிஸ் (வெளிநாட்டு மாணவர்) பதிவுகளை முடித்தபோது, தள்ளுபடியான பழைய கைதுகளும் அதில் சிக்கின. ஆகவே கிளார்க்கிடம் தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கவுண்டி கிளார்க்கிடம் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 5 டாலர். வழக்கே தாக்கலாகாமல் போயிருந்தால், தாக்கல் செய்யவில்லை என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடம் ஒரு கடிதம்.

---

பாலைக்காற்று

பதிவை முழுக்க அழிக்க எக்ஸ்பங்ஷன் போட்டால் இந்த நகல்கள் தேவையில்லை அல்லவா?

---

மனு_எழுத்தர்

நேர்மாறு. எக்ஸ்பங்ஷன் (2025 ஜனவரி முதல் 55ஏ அத்தியாயம்) உத்தரவு வந்தால் ஷெரிஃப், கிளார்க், டி.பி.எஸ். எல்லோரும் தங்கள் கோப்புகளை அழிப்பார்கள் அல்லது திருப்பித் தருவார்கள். அதன்பின் கிளார்க் ஆபீஸில் போய் நின்றால் "அப்படி ஒரு வழக்கே இல்லை" என்பார்கள். ஆனால் குடிவரவுப் படிவங்கள் அழிக்கப்பட்ட கைதையும் கேட்கின்றன, அதற்கான கோர்ட் காகிதத்தையும் கேட்கின்றன. அதனால் எக்ஸ்பங்ஷன் மனு போடுவதற்கு முன்பே புகார் மனு, தள்ளுபடி உத்தரவு, 15.17 தாள் மூன்றுக்கும் சான்றிட்ட நகல் இரண்டு இரண்டு எடுத்து, ஒன்றை வக்கீலிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மனுவில் எந்தெந்தத் துறைகளிடம் பதிவு இருக்கிறதோ அத்தனை பெயரையும் எழுத வேண்டும். ஆளை வாடகைக்கு வைத்திருந்த பக்கத்துக் கவுண்டி ஜெயிலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.